பள்ளித் தகவலுக்குப் பொது இடத்தில் தொடுதிரை இயந்திரம் வைத்தால் பெற்றோர் பயன்படுத்துவார்களா?

வகுப்பாசிரியை:
வணக்கம். எங்கள் பள்ளியில் இப்போது எல்லாச் செய்தியும் செயலியில்தான் போகிறது. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள், இருந்தாலும் வேலைக்குப் போகிறவர் கையோடு போய்விடுகிற வீடுகள், பாட்டி தாத்தா வளர்க்கும் பிள்ளைகள், இவர்களுக்கு ஒன்றுமே போய்ச் சேருவதில்லை. போன பருவத்தில் ஒரு மாணவி மூன்று வாரம் மதியத்துக்கு மேல் வகுப்பிலேயே இல்லை. அவள் பாட்டிக்கு அது தெரியவே தெரியாது. நாங்களோ செயலியில் அனுப்பிக்கொண்டே இருந்தோம், அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. அதனால் நூலகத்தில் ஏடிஎம் மாதிரி ஒரு கியோஸ்க் வைத்து வருகைப்பதிவு, மதிப்பெண், சேர்க்கை விண்ணப்பம், ஆசிரியரைச் சந்திக்க நேரம் குறிப்பது எல்லாம் அதில் தரலாமா என்று யோசிக்கிறோம். வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகத்தோழி:
எங்கள் நூலகத்தில் இரண்டு வருடமாக இருக்கிறது. முதலில் வாசலருகே வைத்தோம், யாரும் தொடவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்று தடுமாற யாருக்குப் பிடிக்கும்? புத்தகம் தரும் மேசைக்குப் பக்கத்தில் மாற்றி ஒரு நாற்காலியும் போட்ட பிறகுதான் ஆட்கள் உட்கார்ந்தார்கள், ஏதாவது புரியாவிட்டால் என்னைக் கூப்பிட்டார்கள். அப்புறம், பிரிண்டர் கட்டாயம் வேண்டும். சந்திப்பு நேரம் ஒரு சீட்டில் கைக்கு வந்தால்தான் பலருக்கு நிம்மதி. ஆனால் ரசீது போடும் வெப்பத்தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும். விண்ணப்ப ஒப்புகையைச் சாதாரணத் தாளில் கொடுங்கள்.

பெரிய தொல்லை லாகின்தான். பாஸ்வேர்டு மறந்துவிடும், ஓடிபி வர போன் இல்லை, போன் இல்லாதவருக்காகத்தானே இதையே வைக்கிறோம்! பள்ளியே ஒரு க்யூஆர் அட்டை கொடுத்து, கூடவே நான்கு இலக்க எண் வைத்தபின் சரியானது.

நிரலாளர்:
அட்டை நல்ல யோசனை. மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாரும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான உலகப் பொது வழிகாட்டி, 2023இல் வந்த வலை அணுகல் நெறிமுறை (WCAG) 2.2-உம், பாஸ்வேர்டை நினைவில் வைத்திருந்தால்தான் உள்ளே வர முடியும் என்ற நிலை இருக்கக்கூடாது, வேறு வழியும் வேண்டும் என்கிறது. கியோஸ்க் திரைகள் பெரும்பாலும் வலைப்பக்கங்கள்தான், அதனால் இது உங்களுக்கும் பொருந்தும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒருவர் வெளியேறாமல் எழுந்து போய்விட்டால் அடுத்து உட்காருபவர் அந்தப் பிள்ளையின் விவரம் முழுவதையும் பார்ப்பார். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானாக மூடிக்கொள்ள வேண்டும், தட்டச்சு செய்தது எதுவும் இயந்திரத்தில் தங்கக்கூடாது. அதற்காக மெதுவாகப் படிப்பவரை வெளியே தள்ளிவிடாதீர்கள். மூடுவதற்கு முன் எச்சரித்து, நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தரச் சொல்கிறது அதே நெறிமுறை. வீட்டு முகவரியைத் திரையில் காட்டவே வேண்டாம். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் அது ஆபத்தாகவே முடியலாம். மதிப்பெண்ணையும் முதல் கட்டத்தில் விட்டுவிடுங்கள்.

பேரனின் தாத்தா:
நான் இப்படி ஒன்றைப் பயன்படுத்தியவன். பேரனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, முன் வரிசையில் உட்கார வைக்க முடியுமா என்று அதில் கேட்டேன். 'பெறப்பட்டது' என்று வந்தது, அவ்வளவுதான். பதினோரு நாள் கழித்து நேரில் போனால், அந்தச் செய்தியைப் பார்ப்பது யார் வேலை என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. அம்மா, பள்ளி சொல்வதை எங்களுக்குக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது, நாங்கள் சொல்வது பள்ளிக்குப் போகத்தான் வழி இல்லை. தட்டச்சு தெரியாதவர் பேசிப் பதிவு செய்யவும் ஒரு பொத்தான் வையுங்கள்.

வகுப்பாசிரியை:
ஐயா, நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. சந்திப்பு நேரமும் குரல் பதிவும் மட்டும் வைத்து ஒரே ஒரு இயந்திரத்தோடு தொடங்கலாம் என்று நினைக்கிறேன், தினமும் அதைக் கேட்டு மறுநாளுக்குள் பதில் சொல்ல ஒருவரை நியமித்த பிறகுதான் இயந்திரமே வரவேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறேன். நூலகத்தோழி, அந்த அட்டை தொலைந்துவிட்டால் புதியதை நூலகத்திலேயே கொடுக்கிறீர்களா, இல்லை பள்ளிக்குத்தான் போக வேண்டுமா?