வேகம் எடுத்தால் மீன் காட்டும் கருவியில் கோடு கோடாக வருகிறது

முகத்துவாரத்தில் நிற்கும் என் ஃபைபர் படகுக்கு சோனார் பூட்டியிருக்கிறேன். மெதுவாகப் போனால் கடலடி தெளிவாகத் தெரிகிறது. வேகம் எடுத்ததும் திரை முழுக்கக் கோடு, ஆழமும் மாறி மாறிக் காட்டுகிறது. கருவி பழுதா அண்ணாமார்?

பதில்:
பழுதில்லை தம்பி, எல்லாம் குமிழி செய்யும் வேலை. காற்றுக் குமிழி ஒலியை மறித்துவிடும். டிரான்ஸ்டியூசரை, அதுதான் ஒலியை அனுப்பி வாங்கும் பாகத்தை, எங்கே பூட்டியிருக்கிறீர்? படகின் அடியில் நீளமாக ஓடும் மேடான வரிக்கு நேர் பின்னால் என்றால் கழற்றி, புரொப்பெல்லரிலிருந்து தள்ளி, வழவழப்பான அடிக்குப் பின்னே வையும். முகம் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பழைய ஓட்டைகளை மரைன் சீலன்ட் போட்டு அடையும். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொருவர்:
வயரையும் பாருங்கள். எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டினாலும் கோடு விழும். பற்றரியிலிருந்து தனியாக இழுங்கள், பியூஸோடு.

கேட்டவர்:
வரிக்குப் பின்னால்தான் அண்ணா! அப்புறம், சோனாரின் ஒலி அலைவெண்ணை 200 கிலோஹேர்ட்ஸில் வைப்பதா, 50இலா?

பதில்:
கரையோரம் 200, படம் துல்லியம். ஆழக்கடலுக்கு 50.