மகஜர் என்றால் வேறு, மனு என்றால் வேறு: ஆங்கிலத்தில் இரண்டும் பெட்டிஷன்

எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இடைக்கிடை மொழிபெயர்க்கப் போவேன். ஒருமுறை காணி பற்றி விசாரிக்க வந்த ஒருவரிடம் ஒரு அம்மா, "கச்சேரியில மகஜர் குடுத்தனாங்கள்" என்றார். கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம்; மகஜர் என்றால் அதிகாரியிடம் கையளிக்கிற கோரிக்கைக் கடிதம். நான் "ஃபைல்ட் எ பெட்டிஷன்" என்று சொல்லிவிட்டேன். வந்தவர் உடனே எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன என்று கேட்டார். அம்மா பையைத் திறந்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த பிரதியை எடுத்து நீட்டினார். மேலே "அரசாங்க அதிபர்" என்று மாவட்ட நிர்வாகத் தலைவரின் பதவிப்பெயர் இருந்தது, கீழே திகதி முத்திரை. வழக்கே இல்லை.

நீதிமன்றத்துக்குப் போவது மனு, அதிகாரியிடம் போவது மகஜர் என்று தமிழில் பெயர்ச்சொல்லே வேலையைச் செய்துவிடும். ஆங்கிலத்தில் அதை வினைச்சொல்தான் காட்டவேண்டும். நீதிமன்றத்துக்குப் போனால் 'ஃபைல்'; 2013 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார்களே, அதற்கு இது சரி. மகஜர் கையளித்தால் 'ஹாண்ட் இன்', கொஞ்சம் மரியாதையாக 'ப்ரெசென்ட்'. நீதிமன்றம் தள்ளுபடி செய்தால் 'டிஸ்மிஸ்', அதிகாரி மறுத்தால் 'ரிஜெக்ட்'. கையெழுத்து வைப்பதற்கு 'சைன் எ பெட்டிஷன்' போதும். 'புட் சைன்' என்று ஆங்கிலத்தில் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் (சுப்ரீம் கோர்ட்) ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. உதவ வந்தவர் "ஃபைல் பண்ணினீர்களா?" என்று கேட்க, மகஜரை நினைத்து "ஓம்" என்று சொல்லிவிட்டால், அந்த மாதம் அப்படியே போய்விடும். அதனால் இப்போது வாயைத் திறக்க முதல், "யாரிட்டக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. எங்கள் குளத்து வீதியைத் திருத்தச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்துச் சேர்த்தபோது, பெரியம்மாவிடம் "இந்தப் பெட்டிஷனில வையுங்கோ" என்றேன். கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். "நான் ஒருத்தருக்கும் பெட்டிசம் அடிக்கிறேல்லை பிள்ளை." அவருக்கு அது பெயர் போடாமல் ஆரையாவது மாட்டிவிடுகிற மொட்டைக் கடிதம். "இல்லை பெரியம்மா, இது மகஜர்" என்றதும் கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுப்பெயரையும் எழுதித் தந்தார்.