கேமை அன்இன்ஸ்டால் செய்தாலும் போகாத காவல்: காப்பி புரொடெக்ஷன் தேவையா, தொல்லையா?

ரிங்ஜீரோ:
கேமைத் தூக்கியாச்சு. அதோட வந்த காப்பி புரொடெக்ஷன் (கள்ளநகலைத் தடுக்கிற பூட்டு) டிரைவர் மட்டும் ஏன் கெர்னல்லயே, அதாவது விண்டோஸோட மையத்துலயே, உக்காந்திருக்கு? ஸ்டார்ஃபோர்ஸ்ங்கிற பழைய பூட்டு காலத்துலேருந்து இதே பாட்டுதான். டிஸ்க்ல செக்டர்கள் எந்தக் கோணத்துல இருக்குன்னு அளந்து, அசல் டிஸ்க்கான்னு பாக்கும். அதுக்காக டிரைவை ஏடாகூடமா படிக்க வைக்கும். படிக்கிறதுல பிழை வந்துட்டே இருந்தா விண்டோஸ் எக்ஸ்பி என்ன பண்ணும்? 6 பிழை சேர்ந்ததும் அந்த ஐடிஇ சேனலை (டிரைவை மதர்போர்டோட இணைக்கிற வழி) டிஎம்ஏலேருந்து (சிபியு தலையிடாம தரவு போற முறை) பிஐஓவுக்கு (எல்லாத்தையும் சிபியுவே சுமக்கிற மெதுவான முறை) இறக்கிடும். அப்புறம் டிவிடி எழுதினா சிபியு மூச்சு வாங்கும், பாட்டு திக்கும். தங்களால இல்லைன்னு ஸ்டார்ஃபோர்ஸ் நிறுவனம் சாதிச்சுது. ஆனா கேம் வெளியிடுற யூபிசாஃப்ட் 2006 ஏப்ரல்ல அதைக் கைகழுவிடுச்சே, சும்மாவா?

பில்டு7:
டிஎம்ஏ விஷயத்தில் பாதிப் பழி விண்டோஸுக்கும் உண்டு. கீறல் விழுந்த எந்த டிஸ்க்கைப் போட்டாலும் எக்ஸ்பி அப்படித்தான் இறங்கும். அதைச் சரி செய்ய டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் போதும், டிஎம்ஏ திரும்பிவிடும்.

ஆனால் 20 வருடப் பழைய கதையை வைத்து இன்றைய தொழில்நுட்பத்தைத் திட்டுவது சரியில்லை. இன்றைய கேம்களில் போடப்படும் டெனுவோ என்ற பூட்டு எந்த டிரைவரையும் நிறுவுவதில்லை. அது கேமின் இஎக்ஸ்இ கோப்புக்குள்ளேயே இருக்கிறது, கேமைத் தூக்கினால் அதுவும் போய்விடும். வியாபாரத்தையும் பாருங்கள். டெனுவோ போட்ட 86 கேம்களை ஆராய்ந்து 2024ல் வந்த ஆய்வு ஒன்று, வெளியான முதல் வாரத்திலேயே கிராக் (பூட்டை உடைத்த பதிப்பு) வந்துவிட்டால் வருமானத்தில் சராசரியாக 20% போகிறது என்கிறது. சம்பளம் அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது, ப்ரோ.

ரிங்ஜீரோ:
அதே ஆய்வுல இன்னொரு வரியும் இருக்கே ஜி. 12 வாரம் தாண்டினா கிராக் வந்தாலும் நஷ்டம் ஏறக்குறைய ஒண்ணுமில்ல. அப்போ 13வது வாரத்துல எடுக்க வேண்டியதுதானே? கேப்காம் நிறுவனத்தோட ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் கேம் 2021 மே மாசம் வந்துச்சு. டெனுவோவை எடுத்தது 2023 ஏப்ரல்ல.

டிரைவர் இல்லைங்கிறது உண்மை, ஒத்துக்கிறேன். ஆனா டோக்கன் இருக்கு. முதல் தடவை கேமைத் தொறக்கும்போது ஹார்டுவேர் விவரம் சர்வருக்குப் போய், அந்த மெஷினுக்கு மட்டும் செல்லுற டோக்கன் ஒண்ணு வரும். 24 மணி நேரத்துல 5 மெஷின், அதுக்கு மேல கதவு சாத்திடும். லினக்ஸ்ல புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற மென்பொருள்) வெர்ஷனை மாத்தி மாத்திப் பாத்தா ஒவ்வொண்ணையும் புது மெஷினா எண்ணும். எந்த வெர்ஷன்ல கேம் நல்லா ஓடும்னு சோதிக்கிறவன் ஒரே மேசையில உக்காந்தபடி 5ஐத் தீத்துட்டு, மறுநாள் வரைக்கும் காத்திருக்கணும். இன்டெல் 12ஆம் தலைமுறை சிபியு வந்தப்ப, சிக்கன கோர்களை (கம்மி மின்சாரத்துல ஓடுற கோர்கள்) வேற ஒரு மெஷின்னு நினைச்சுக்கிட்டு சில கேம்கள் ஓடவே மாட்டேன்னுச்சு. பயாஸ்ல லெகசி கேம் கம்பேட்டிபிலிட்டியைப் போட்டு, ஸ்க்ரோல் லாக் அழுத்தி அந்த கோர்களைத் தூங்க வைக்க வேண்டியிருந்துச்சு. கேம் விளையாட ஸ்க்ரோல் லாக்! அந்த பட்டனுக்கும் ஒரு வேலை கிடைச்சதுன்னு வேணா சந்தோஷப்பட்டுக்கலாம்.

தூசிடிஸ்க்:
நண்பர்களே, பழைய கேம்களை இன்றும் ஓட்டுபவர்களுக்காகச் சில விவரங்கள்.

சேஃப்டிஸ்க் (பழைய டிஸ்க் கேம்களின் பூட்டு): இதன் டிரைவர் விண்டோஸ் 10ல் கிடையவே கிடையாது. விஸ்டா, 7, 8 ஆகியவற்றில் 2015 செப்டம்பர் அப்டேட் அதை முடக்கிவிட்டது. விண்டோஸ் 7ல் தேவைப்பட்டால் அட்மின் உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எஸ்சி கான்ஃபிக் கட்டளையால் அந்த டிரைவரை 'டிமாண்ட்' நிலைக்கு மாற்றி, எஸ்சி ஸ்டார்ட் கொடுங்கள். 'ஸ்டார்ட்' என்ற சொல்லை ஒட்டி சமக்குறி வர வேண்டும், சமக்குறிக்குப் பிறகு ஒரு இடைவெளி விட வேண்டும். இந்த இடைவெளியை விட்டுவிட்டுத்தான் பலர் கட்டளை வேலை செய்யவில்லை என்கிறார்கள். விளையாடி முடித்ததும் எஸ்சி ஸ்டாப் கொடுக்க மறக்காதீர்கள். அந்த டிரைவரில் இருந்த ஓட்டை வழியாகச் சாதாரண பயனர் கணக்கிலிருந்து முழு உரிமையைப் பிடிக்க முடிந்தது, மைக்ரோசாஃப்ட் 2007லேயே அதற்குத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. விண்டோஸ் 10ல் ஓட்டுவதற்காக எங்கிருந்தோ அந்தக் கோப்பை இறக்கிப் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

செக்யூரோம் (இன்னொரு பழைய பூட்டு): கேமை நீக்கிய பிறகும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'எந்த விசையையும் அழிக்காதே, மாற்றாதே' என்று பெயரிலேயே மிரட்டும் விசை ஒன்று கிடக்கும். ரெஜ்எடிட்டில் அழிக்கப் பார்த்தால் பிழைதான் வரும். பெயருக்குள் வெற்று எழுத்து பொதிந்திருப்பதே காரணம். சிஸ்இன்டர்னல்ஸின் ரெஜ்டெல்நல் என்ற கருவி அதை நீக்கும். அதற்கு முன், ஆக்டிவேஷனுக்கு (கணினியில் கேமை இயக்க அனுமதி பெறுவதற்கு) எண்ணிக்கை வரம்பு உள்ள கேமாக இருந்தால், பயன்படுத்திய ஆக்டிவேஷனைத் திரும்பப் பெறும் கருவியை ஓட்டிவிடுங்கள். ஸ்போர் என்ற கேம் 2008ல் வந்தபோது 3 ஆக்டிவேஷன்தான். பெரிய கூச்சலுக்குப் பிறகு 5 ஆனது.

பில்டு7:
பயனுள்ள பதிவு. ஆனால் இந்தப் பழைய பூட்டுகள் இன்று வரும் கேம்களில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வேகம் பற்றி ரிங்ஜீரோ ஆரம்பிப்பார், நானே ஆரம்பிக்கிறேன். 'கிராக் வேகமாக ஓடுகிறது, டெனுவோதான் காரணம்' என்பது பெரும்பாலும் தவறான ஒப்பீடு. கிராக் டெனுவோவைப் பிய்த்து எடுப்பதில்லை, பல சமயம் அதை ஏமாற்றிக் கடந்து போகிறது. டெனுவோ எளிதில் படிக்க முடியாதபடி விர்ச்சுவல் மெஷின் வடிவத்துக்கு மாற்றிய நிரல் அப்படியே ஓடிக்கொண்டுதான் இருக்கும். வில்லேஜில் எதிரியைச் சுடும்போது வந்த திக்கலுக்கு, டெனுவோவுக்கு மேல் கேப்காம் போட்ட சொந்தப் பூட்டைத்தான் கிராக் செய்தவர்களே குற்றம் சொன்னார்கள். கேப்காமும் 2021 ஜூலையில் அதைத் திருத்தியது. டெனுவோ நீக்கப்பட்ட பேட்ச்சோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். அதே பேட்ச்சில் வேறு திருத்தங்களும் வந்திருக்கும்.

அளக்கத்தான் வேண்டும் என்றால் ஒழுங்காக அளங்கள். ரெசல்யூஷனை 720க்கு இறக்கி, சுமையை ஜிபியுவிலிருந்து சிபியுவுக்குத் தள்ளுங்கள். முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள், அதில் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) கம்பைல் ஆகும். அதே இடத்தை மூன்று முறை ஓட்டி, சராசரி எஃப்பிஎஸ் பார்க்காமல் ஃப்ரேம் டைம் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரம்) வரைபடத்தைப் பாருங்கள். லோடிங் நேரத்தை ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்த பிறகே எடுக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் கேஷிலிருந்து படித்துவிடும், எண் பொய் சொல்லும்.

ரிங்ஜீரோ:
அளக்கிற முறை சரி. ஆனா இந்தப் பாடத்தை எதுக்குக் காசு கொடுத்தவன் படிக்கணும்? வில்லேஜ்ல திக்கல் இருந்துச்சு, அதுக்கு பூட்டுதான் காரணம். டெனுவோ பூட்டா, கேப்காம் பூட்டாங்கிறது உங்க வீட்டுப் பஞ்சாயத்து.

சர்வர் கதையும் பாக்கி இருக்கு. 2010 மார்ச்ல யூபிசாஃப்ட் சர்வர் மேல தாக்குதல் நடந்தப்ப, தனியாளா ஆடுற அசாசின்ஸ் கிரீட் 2 முடங்குச்சு. 2021 நவம்பர்ல டெனுவோ தன்னோட டொமைன் ஒண்ணைப் புதுப்பிக்காம விட்டுச்சு, வரிசையா கேம்கள் தொறக்கல.

லெவல்99:
ஆன்டி சீட்டையும் (ஆட்டத்துல ஏமாத்துறதைத் தடுக்கிற மென்பொருள்) சேர்த்துப் பேசுங்களேன். 2016 செப்டம்பர்ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 போட்ட டிரைவர், கெர்னல் பாதுகாப்பையே அணைச்சிட்டு, எந்த புரோகிராம் கேட்டாலும் அதோட நிரலை கெர்னல்ல ஓட்டி விட்டுச்சு. உடனே திரும்ப வாங்கிட்டாங்க.

பில்டு7:
அது வேறு துறை, இந்த இழையில் கலக்க வேண்டாம். ஆனால் அந்த டிரைவரை யாரும் நியாயப்படுத்த முடியாது, நானும் செய்ய மாட்டேன்.

டொமைன் விஷயம் அசட்டுத்தனம்தான். அதற்காக முதல் 12 வாரக் காவலையே விட்டுவிடச் சொல்கிறீர்கள். உங்களிடம் மாற்று வழி என்ன? ஜிஓஜி என்ற இணையக் கடையில் பூட்டில்லாமல் விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது பழைய கேம்கள், அல்லது ஏற்கனவே பெயர் எடுத்த ஸ்டுடியோக்கள்.

ரிங்ஜீரோ:
மாற்று வழி சொல்லிட்டேன், தேதி போடுங்க. ஸ்டீம் கடையில கேமோட பக்கத்துல, வலது ஓரத்துல மூன்றாம் தரப்பு டிஆர்எம்னு (இந்த மாதிரிப் பூட்டுகளோட பொதுப் பேர்) பெட்டி இருக்கு. 5 மெஷின் வரம்பு வரைக்கும் அதுல எழுதுறாங்க. என்னைக்கு எடுப்பாங்கன்னு ஒரு வரி சேர்க்க என்ன கேடு? அந்தத் தேதி வர்ற வரைக்கும் நான் வாங்கலைன்னா அது என் முடிவு.

தூசிடிஸ்க்:
வாங்கிய பிறகும் பூட்டு வரும், நண்பரே. ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ் 2013ல் கணினிக்கு வந்த கேம். 2024 ஜனவரியில் ஒரு அப்டேட்டில் அதற்கு எனிக்மா புரொடெக்டர் என்ற பூட்டைப் போட்டார்கள். மாட்கள் (ரசிகர்கள் கேமில் செய்த மாற்றங்கள்) உடைந்தன, கூச்சல் எழுந்தது, பிறகு பின்வாங்கினார்கள்.

பில்டு7:
அந்த அப்டேட்டை நான் ஆதரிக்கவில்லை. 12 வாரம் என்று நான் சொல்வதில் பத்து வருடப் பழைய கேம் வராது.

தூசிடிஸ்க்:
அதனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கேமுக்கு ஸ்டீமில் அப்டேட்டை 'தொடங்கும்போது மட்டும்' என்று மாற்றிவிட்டு, ஆஃப்லைன் மோடில் திறங்கள். ஆன்லைனில் திறந்தால் அப்டேட் முடியாமல் கேம் தொடங்காது. அதற்கு முன் கேம் ஃபோல்டரை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். டெனுவோ உள்ள கேமுக்கு இந்த நகல் மட்டும் போதாது, விண்டோஸை மறுபடி நிறுவினால் புது டோக்கன் கேட்கும்.