கடலில் மூழ்கிய தங்கத்தாதுவின் மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

குளச்சல்காரன்:
அனைவருக்கும் வணக்கம். 1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க மேற்குக் கரையில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலைப் பற்றிய காணொளியில், அதில் மூட்டை மூட்டையாக 200 டன் தங்கத்தாது இருந்ததாகவும், அதன் இன்றைய மதிப்பு 2 லட்சம் கோடி ரூபாய் என்றும் கூறுகிறார்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் அந்தத் தொகை வரத்தான் செய்கிறது. ஆனால் சரக்குச் சீட்டில் இருந்த மதிப்பு 5,000 டாலர்தான் என்றும் அதே காணொளியில் வருகிறது. இவற்றில் எதை நம்பிக் கணக்கைத் தொடங்குவது?

கோலார் ஓய்வாளர், நாகர்கோவில்:
சரக்குச் சீட்டிலிருந்து தொடங்குங்கள் தம்பி. காணொளிக்காரர் கல்லின் எடையையே தங்கத்தின் எடையாக எடுத்துக்கொண்டுவிட்டார். தாது என்பது பெரும்பாலும் வெள்ளைக்கல். அதில் டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்பதுதான் கேள்வி. 2001-இல் மூடப்பட்ட கோலார் சுரங்கத்தில் கடைசிக் காலத்தில் டன்னுக்கு 3 கிராம் அளவே கிடைத்தது.

அந்த அளவைச் சோதனைக்கூடத்தில்தான் அறிய முடியும். அரைத்த தாதுவில் 30 கிராம் எடுத்து, ஈய ஆக்சைடு சேர்த்து உருக்கினால், தங்கமும் வெள்ளியும் ஈயத்தோடு சேர்ந்து அடியில் ஓர் உருண்டையாகத் திரளும். அதை எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் வைத்துச் சூளையில் காய்ச்சும்போது ஈயம் கிண்ணத்துக்குள் ஊறிப்போய், மேலே சிறு மணி ஒன்று மிஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டால் எஞ்சுவதே தங்கம். டன்னுக்கு 40 கிராம் என்ற உயர்ந்த தாதுவிலும் அது 1.2 மில்லிகிராம்தான், மூச்சை அடக்கிக்கொண்டுதான் தராசில் வைக்க வேண்டும்.

இனி 5,000 டாலருக்கு வருவோம். அதை இன்றைய ரூபாயாக மாற்றுவது தவறு. அக்காலத்தில் ஒரு டிராய் அவுன்ஸ் (தங்கத்தை நிறுக்கும் அளவு, சுமார் 31.1 கிராம்) தங்கத்தின் விலை 20.67 டாலர் என்று நிலையாக இருந்தது. வகுத்தால் சுமார் 242 அவுன்ஸ், அதாவது ஏழரைக் கிலோ. உங்கள் விலைப்படி ஏழரைக் கோடி ரூபாய்.

மணவாளக்குறிச்சி மணல்:
அண்ணாச்சி சொன்னதோடு எடையையும் சரிபார்க்க வேண்டும். பழைய அமெரிக்கக் கணக்கில் டன் என்பது பெரும்பாலும் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. அமெரிக்க டன்னாக இருந்தால் 200 டன் என்பது 181 மெட்ரிக் டன். ஏழரைக் கிலோவை அதால் வகுத்தால் தரம், அதாவது தாதுவிலுள்ள தங்கத்தின் அளவு, டன்னுக்கு 41 கிராமை ஒட்டி வரும். நல்ல கல்லாகப் பொறுக்கி எடுத்து அனுப்பிய தாதுவுக்கு இது நம்பத்தக்க அளவே. ஈரத்தையும் கழிக்க வேண்டும். எங்கள் ஊர் மணலிலும் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் எத்தனை விழுக்காடு என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறதே தவிர, லாரியின் மொத்த எடை அல்ல.

தூத்தூர் ஆழ்கடல்:
வளைகுடாவில் முக்குளிப்புக் கப்பல்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஏழரைக் கோடி கைக்கு வராது. தங்கம் உப்புநீரில் கெடாது என்றாலும், மூட்டைகள் மக்கி, தாது கடலடிக் கற்களோடு கலந்திருக்கும். இவ்வளவு காலம் கழித்துப் பிரித்தெடுப்பது எளிதல்ல. 1942-இல் மூழ்கிய எடின்பரோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் நாலரை டன் தங்கம் 465 கட்டிகளாக இருந்தது. ஏறக்குறைய 245 மீட்டர் ஆழத்திலிருந்து 1981-இல் 431 கட்டிகளை எடுத்தார்கள்; அப்படியும் மீட்டவர்களுக்குக் கிடைத்த பங்கு 45 விழுக்காடுதான். அதே நாலரை டன் தங்கத்தைத் தாதுவாகத் தூக்குவதென்றால், டன்னுக்கு 41 கிராம் கணக்கில், ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கல்லை அள்ள வேண்டும். கப்பலின் நாள் வாடகையே பல லட்சம் ஆகும்போது, 181 டன் கல்லுக்காக எவரும் நங்கூரம் போட மாட்டார்கள். இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் இருந்தால், சரக்கின் உரிமையும் அதனிடமே இருக்கும்.

குளச்சல்காரன்:
மூவருக்கும் நன்றி. சரக்குச் சீட்டில் மதிப்பைக் குறைத்து எழுதியிருக்க வாய்ப்பு உண்டா?

கோலார் ஓய்வாளர், நாகர்கோவில்:
உண்டு. காப்பீட்டுக் கட்டணம் மதிப்பைப் பொறுத்தது என்பதால் குறைத்துக் காட்டுபவர்களும் உண்டு. தாதுவை உருக்கித் தங்கத்தைப் பிரிக்கும் கூலியைக் கழித்து எழுதுபவர்களும் உண்டு. அதற்காக வதந்தியின் பக்கம் போய்விடாதீர்கள். 1866-இல் நியூசிலாந்துக்குத் தெற்கே உள்ள ஆக்லாந்து தீவுகளில் மூழ்கிய ஜெனரல் கிராண்ட் கப்பலின் சீட்டில் 2,576 அவுன்ஸ் தங்கமும் 9 டன் துத்தநாகமும் பதிவாகியிருந்தன. அந்தத் துத்தநாகமே மறைத்து அனுப்பிய தங்கம் என்று நம்பிப் புறப்பட்டவர்கள் உண்டு. அதே சுரங்கம் முந்தைய மாதங்களில் அனுப்பிய தாதுவுக்கு அதை உருக்கிப் பிரித்த ஆலை கொடுத்த கணக்குத் தாள்கள் கிடைத்தால், அவற்றிலுள்ள தரத்தை 181 டன்னால் பெருக்கிப் பாருங்கள். ஏழரைக் கிலோவிலிருந்து வெகுவாக விலகினால் மட்டும் சீட்டைச் சந்தேகிக்கலாம்.