மின்சேமிப்பு பேட்டரி ரேக்: முதல் ஆய்வறிக்கையில் "வெறும் அடுக்கல்" என்ற ஆட்சேபத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கேட்டவர்: இரும்புச்சட்டம்

வணக்கம். நாங்கள் தகடு வெட்டி, மடித்து, மின் பேனல் பெட்டிகள் செய்து வந்த சிறிய நிறுவனத்தினர். சில ஆண்டுகளாகச் சூரிய மின்நிலையங்களுக்கான பேட்டரி ரேக்குகளும் செய்கிறோம். அவற்றில் ஒன்றுக்கு, முகவர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் நாங்களே எழுதிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். போன வாரம் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளரிடமிருந்து, ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் ஆய்வறிக்கை வந்தது. படித்ததிலிருந்து குழப்பமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

முதலில் ரேக்கைச் சொல்லிவிடுகிறேன். 3.2 வோல்ட், 280 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16-ஐத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட், ஏறத்தாழ 14.3 கிலோவாட் மணி கொண்ட ஒரு பேக் கிடைக்கும். பெட்டியோடு சேர்த்து அது 110 கிலோ அளவுக்கு வரும். அப்படி எட்டு பேக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக எங்கள் ரேக்கில் உட்காரும். பின்பக்கத் தூண்கள் இரண்டும் உள்ளே வெற்றிடமாக மடிக்கப்பட்டவை. அடியில் இருக்கும் மின்விசிறி அவற்றின் வழியே காற்றை மேலே தள்ள, ஒவ்வொரு பேக்குக்கும் நேராக உள்ள துளை வழியே அந்தக் காற்று பேக்குக்குள் நுழையும். பழுது பார்ப்பதற்காக ஒரு பேக்கை உருவி எடுத்துவிட்டால், அந்த வெறும் துளை வழியாகவே காற்றெல்லாம் போய்விடும். மேலே இருக்கும் பேக்குகளுக்குக் காற்று எட்டாது. அதனால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு மடல் வைத்தோம். பேக் உள்ளே வந்து அதன் பின்விளிம்பு தள்ளும்போது மடல் திறக்கும், பேக்கை எடுத்தால் ஸ்பிரிங் அதை மூடிவிடும்.

நாங்கள் எழுதிய முதல் கோரிக்கை, அதாவது எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம், இதுதான்: நிமிர்ந்த தூண்களும், பேக்குகளைத் தாங்கும் சட்டங்களும், தூண்களுக்குள் காற்றுப்பாதையும், காற்றுத் துளைகளும், அத்துளைகளை மூடும் மடல்களும் கொண்ட ரேக்.

ஆய்வாளர் இரண்டு ஆவணங்களைக் காட்டுகிறார். டி1 என்பது ஒரு சீன ஆவணம். அதில் வெற்றிடத் தூண் வழியே காற்று போகிறதாம். டி2 ஓர் அமெரிக்க விண்ணப்பம்; சர்வர் கணினிகளை அடுக்கும் ரேக்கில் சர்க்யூட் அட்டை செருகப்படாத இடத்தை மூடும் மடலைப் பற்றியது. இரண்டையும் சேர்த்தால் எங்கள் ரேக் வந்துவிடுகிறது, ஆகவே புத்தாக்கப் படி (துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்கிறார். அதோடு, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்)-இன்படி இது தெரிந்த பொருள்களின் வெறும் அடுக்கல் என்றும் எழுதியிருக்கிறார்.

சர்வர் துறை வேறு, பேட்டரி துறை வேறு என்று வாதாடலாமா? 3(எஃப்)-க்கு என்ன பதில்? மூன்றாவதாக ஒன்று: விண்ணப்பித்த பிறகு எங்களுக்குத் தோன்றிய யோசனை இது. பேக்கில் அதிகச் சூடு ஏறினால், தீயணைப்புத் தெளிப்பானில் இருப்பது போன்ற, 70 டிகிரி அருகில் உருகும் உலோகக் கலவையாலான ஒரு முள் உருகி மடலை மூடிவிடும்படி செய்திருக்கிறோம். இதைக் கோரிக்கையில் இப்போது சேர்த்துவிட்டால் டி1-ஐயும் டி2-ஐயும் தாண்டிவிடலாம் அல்லவா?

மறுமொழி: படிவம்பதினெட்டு

வணக்கம் ஐயா. காப்புரிமை முகவர் அலுவலகம் ஒன்றில் இயந்திரவியல் விண்ணப்பங்களைப் பார்ப்பவன் நான். உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்குப் பதில்: அந்த வாதத்தைக் கைவிடுங்கள். ரேக்கிலிருந்து ஒன்றை உருவினால் காற்று கசிகிறது என்ற சிக்கலைச் சந்திக்கும் பொறியாளர், அதே சிக்கலை நெடுங்காலமாகச் சந்தித்து வரும் சர்வர் ரேக் செய்பவர்களிடம் போய்ப் பார்ப்பார் என்று ஆய்வாளர் சொன்னால், அதை மறுக்க உங்களிடம் எதுவும் இல்லை. தோற்கக்கூடிய வாதத்தை முதலில் வைத்தால் அடுத்து வரும் நல்ல வாதமும் எடுபடாது.

டி1-ஐ நீங்களே ஒருமுறை பாருங்கள். அதன் வெளியீட்டு எண்ணின் கடைசி எழுத்து யு என்று இருந்தால் அது பயன்பாட்டு மாதிரி. அங்கே புதுமை, புத்தாக்கம் பற்றிய முழு ஆய்வு இல்லாமலே பதிவாகி 10 ஆண்டு வரை நிலைப்பது. நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. ஆனால் ஆய்வு நடக்காமல் பதிவான ஆவணம்தானே என்று அதை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் தேதிக்கு முன் வெளியானதா என்பது மட்டும்தான் இங்கே கேள்வி. ரேக் வகை விண்ணப்பங்களுக்கு எதிராக இந்த வகை ஆவணங்கள் அடிக்கடி வருகின்றன. இயந்திர மொழிபெயர்ப்பை நம்பாமல் படத்தைப் பாருங்கள். "துளை" என்று மொழிபெயர்ப்பில் வருவது காற்றுக்கானதா, வயர் நுழைப்பதற்கானதா என்பது படத்தில்தான் தெரியும். இப்படிப் பார்த்து ஓர் ஆவணம் முழுவதுமாக விழுந்துபோனதை நான் கண்டிருக்கிறேன்.

3(எஃப்) பலரும் நினைப்பது போல ஒரு சுவர் அல்ல. தெரிந்த சாதனங்கள், ஒன்றையொன்று சாராமல், ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த முறையிலேயே இயங்கும்படி வெறுமனே அடுக்கப்பட்டிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்பதே அந்தப் பிரிவு. விசிறி பொருத்திய குடை, டார்ச் பொருத்திய வாளி என்று இதற்கு வழக்கமாக எடுத்துக்காட்டுவார்கள். விசிறி வந்ததால் குடை மழையைத் தடுக்கும் விதம் மாறவில்லை. குடையால் விசிறிக்கும் ஆதாயம் இல்லை. உங்கள் ரேக்கிலோ பேக்கின் இருப்பு மடலை இயக்குகிறது, மடலின் நிலை மற்ற ஏழு பேக்குகளின் காற்றைத் தீர்மானிக்கிறது. ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன என்பது வெளிப்படை. குறை கோரிக்கையில்தான் இருக்கிறது. தூண், சட்டம், பாதை, துளை, மடல் என்று கடைக்குக் கொடுக்கும் பொருள் பட்டியலைப் போல எழுதியிருக்கிறீர்கள். எது எதை என்ன செய்கிறது என்று அதில் ஒரு வினைச்சொல்லும் இல்லை. ஆய்வாளர் அடுக்கல் என்று சொன்னதில் வியப்பில்லை.

ஆக, 3(எஃப்)-ஐத் தாண்டிவிடுவீர்கள். தாண்டிய பிறகும் டி1, டி2 நின்றுகொண்டிருக்கும். பிரிவு 2(1)(ஜேஏ) கேட்பது இரண்டு: ஏற்கெனவே இருப்பதைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும், அதோடு அது துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றிவிடுவதாக இருக்கக் கூடாது. பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடையும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்பைப் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பட்டறையில் கை தேர்ந்த ஒருவர் இயல்பாகச் செய்துவிடக்கூடிய மேம்பாட்டுக்கு மேற்பட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்லி, அந்தக் காப்புரிமை செல்லாது என்றே முடித்தது. உங்கள் வழக்கும் அதே இனம்: இரும்பு வேலை, சிறிய மாற்றம். எனவே உங்கள் மடல், சர்வர் மடல் செய்யாத எதைச் செய்கிறது? விவரக்குறிப்பை, அதாவது விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கி எழுதிய பகுதியை, வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மறுமொழி: பட்டறைக்காரர்

சட்டம் எனக்குத் தெரியாது, ரேக் தெரியும். பேக் ஒன்றுக்கு 110 கிலோ என்றால் எட்டுக்கு 880 கிலோ. அதைத் தாங்கும் தூணில் காற்றுக்காகத் துளை போட்டுக்கொண்டே போனால், துளைக்கு மேலும் கீழும் தகடு எப்படி நெளியும் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அதற்காக நீங்கள் தூணின் உள்ளே ஏதாவது பட்டை வைத்து பற்றவைத்திருந்தாலோ, மடலின் தண்டையே குறுக்குப் பட்டையாகப் பயன்படுத்தியிருந்தாலோ அதையும் சொல்லுங்கள் தம்பி. சர்வர் அட்டையைத் தாங்குபவனுக்கு இந்தக் கவலையே கிடையாது.

மடல் வேலை செய்கிறது என்று காட்ட நாங்கள் செய்வது எளிய சோதனை. ஒரு பேக்கை உருவிவிட்டு, வெறும் துளைக்கு முன்னால் ஓர் ஊதுபத்தியை ஏற்றிப் பிடிப்போம். மடல் சரியாக மூடியிருந்தால் புகை நேராக மேலே ஏறும்; ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் புகை முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆய்வாளரிடம் ஊதுபத்தியைக் காட்ட முடியாதுதான். ஆனால் அதே நிலையில் மற்ற ஏழு பேக்குகளின் வெப்பநிலையை, மடல் உள்ள ரேக்கிலும் மடலைக் கழற்றிய ரேக்கிலும் ஒரே மின்னோட்டத்தில் அளந்து அட்டவணையாகக் கொடுக்கலாம்.

ஒரு விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. எல்லா பேக்குகளுக்கும் பொதுவான காற்றுப்பாதை என்றால், ஒரு செல் கெட்டு வாயுவைக் கக்கும்போது அந்த வாயுவும் அதே பாதை வழியே பக்கத்துப் பேக்குக்குப் போகும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி கன்டெய்னருக்குள் தேங்கிய வாயு, தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த பிறகு வெடித்து அவர்களைக் காயப்படுத்தியது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சொல்லும் உருகும் முள் அதற்கான பதில் என்றால், அது பழைய விண்ணப்பத்தைக் காப்பாற்றச் சொருகும் ஒட்டு அல்ல, தனியாகவே மதிப்புள்ளது.

இரும்புச்சட்டம்

இருவருக்கும் நன்றி. டி1-இன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்ணின் கடைசியில் யு தான் இருக்கிறது. தூணின் வெளிப்பக்கத் துளைகள் வயருக்கானவை. உட்பக்கத் துளைகள் காற்றுக்கானவையேதான், அம்புக்குறியே போட்டிருக்கிறார்கள். ஆக டி1 விழவில்லை.

ஆனால் எங்கள் விவரக்குறிப்பில், ஐந்தாம் படத்துக்கான பத்தியில், நாங்களே மறந்துபோன ஒன்று இருக்கிறது. மடலின் தண்டில் ஒரு கொக்கி பற்றவைக்கப்பட்டுள்ளது. பேக் முழுவதுமாக உள்ளே போகும்போது அதன் பின்விளிம்பு மடலைத் தள்ளுகிறது, தண்டு சுழல்கிறது, அந்தச் சுழற்சியிலேயே கொக்கி இறங்கி, பேக்கின் அடியில் உள்ள உதட்டைப் பிடித்துக்கொள்கிறது. லாரியில் ஏற்றிச் செல்லும்போதும் நில அதிர்விலும் பேக் முன்னால் நழுவாது என்று அங்கேயே எழுதியிருக்கிறோம். கொக்கி விழும் வரை மடல் முழுதாகத் திறக்காது என்பதும் இருக்கிறது. தூணுக்குள் பட்டை எதுவும் வைக்கவில்லை. அதை இனி யோசிக்கிறோம். டி2-இன் மடலில் கொக்கி இல்லை. அங்கே அட்டையைப் பிடிப்பது முன்பக்கத் திருகாணிகள். உருகும் முள் மட்டும் விவரக்குறிப்பில் எங்குமே இல்லை. அந்தப் புதிய ரேக்கை அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் வைக்கப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: படிவம்பதினெட்டு

உங்கள் முதல் கோரிக்கை அந்தக் கொக்கிதான் ஐயா. ஒரே தண்டு, பேக்கின் எடையாலும் நகர்வாலும் சுழன்று, காற்றுப் பாதையையும் திறக்கிறது, பேக்கையும் பூட்டுகிறது. அந்தப் பூட்டு விழாமல் காற்று முழுதாக வராது. டி1-ஐயும் டி2-ஐயும் அருகருகே வைத்தால் கிடைப்பது மடல் வைத்த காற்றுத்தூண் மட்டுமே. பேக்கைப் பிடிக்கும் வேலையை மடலிடம் ஒப்படைக்கும் எண்ணம் அந்த இரண்டிலும் இல்லை. சில கிலோ எடையுள்ள அட்டையை இரண்டு திருகாணியால் பிடித்துவிடலாம் என்பதால் சர்வர்காரருக்கு அந்தத் தேவையே எழவில்லை. 110 கிலோ பேக்கில்தான் அது எழுகிறது. நான் கைவிடச் சொன்ன "துறை வேறு" வாதம் இப்படிச் சொன்னால் நிற்கும், ஏனென்றால் இங்கே சிக்கலே வேறு.

திருத்தத்துக்கான எல்லை பிரிவு 59-இல் இருக்கிறது. கைவிடல், பிழைதிருத்தம், விளக்கம் ஆகிய வழிகளில் மட்டுமே திருத்தலாம். முதலில் கொடுத்த விவரக்குறிப்பில் சாரமாகக்கூட இல்லாததை உள்ளே கொண்டுவர முடியாது. திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கையின் பரப்புக்குள் முழுவதுமாக அடங்க வேண்டும். கொக்கி ஐந்தாம் படத்தில் இருப்பதாலும், அதைச் சேர்ப்பது கோரிக்கையைக் குறுக்குவதாலும் அது தாராளமாக அனுமதிக்கப்படும். உருகும் முள் அனுமதிக்கப்படாது. மேலே பட்டறைக்காரர் ஐயா சொன்ன வெப்பநிலை அட்டவணையை ஆதாரமாக இணைக்கலாம். அது புதிய பொருளைச் சேர்ப்பதாகாது, சொன்ன பலனை நிரூபிப்பது.

முள்ளுக்கு இரண்டு வழிகள். ஒன்று, பிரிவு 54-இன்படி கூடுதல் காப்புரிமை: முதன்மைக் கண்டுபிடிப்பின் மேம்பாடு என்று விண்ணப்பிப்பது. அதற்குத் தனியாகப் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது, முதன்மையானதோடு சேர்ந்தே காலாவதியாகும், முதன்மையானது கிடைக்கும் முன் இதுவும் கிடைக்காது. உங்களுடைய சொந்த முதன்மைக் கண்டுபிடிப்பையே எடுத்துக்காட்டி இதில் புத்தாக்கப் படி இல்லை என்று மறுக்க முடியாது என்பது இதன் பெரிய வசதி. மற்றொன்று, தனி விண்ணப்பம். இதற்கு முழு 20 ஆண்டு கிடைக்கும், ஆனால் உங்கள் பழைய விண்ணப்பமே இதற்கு எதிரான ஆவணமாக வரும். முதன்மையானது தப்பிக்குமா என்பது உறுதியில்லாத நிலையில் நான் தனி விண்ணப்பத்தின் பக்கம்தான் சாய்வேன். இதில் வேறு கருத்துள்ளவர்களும் உண்டு.

தேதிகளைக் கவனியுங்கள். ஆய்வறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பதில் போக வேண்டும். அந்த 6 மாதம் முடிவதற்குள் அவகாசம் கேட்கும் படிவம் 4 கொடுத்தால் மேலும் 3 மாதம் கிடைக்கும். விட்டுவிட்டால் பிரிவு 21-இன்படி விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். வெளிநாட்டிலும் விண்ணப்பித்திருந்தால், 2024-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு விண்ணப்பங்களின் விவரம் தரும் படிவம் 3-ஐ ஆய்வறிக்கை வந்த 3 மாதத்துக்குள் புதுப்பித்துத் தர வேண்டும். பலர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். பதிலில் நேர்முக விசாரணையையும் கேட்டுவிடுங்கள். கொக்கி இயங்குவதைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, விசாரணையில் படத்தைக் காட்டி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். விசாரணை முடிந்த 15 நாளுக்குள் எழுத்து வாதத்தைக் கொடுக்க வேண்டும்.

கண்காட்சி விஷயம்தான் அவசரம். அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்காட்சிகளுக்கு மட்டுமே பிரிவு 31-இன் பாதுகாப்பு உண்டு. சாதாரண வர்த்தகக் கண்காட்சியில் முள்ளோடு ரேக்கைத் திறந்து வைத்தால், அன்றே உங்கள் புதுமை போய்விடும். முள்ளை விவரித்துத் தற்காலிக விவரக்குறிப்போடு தனி விண்ணப்பத்தைக் கண்காட்சிக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அதற்குப் பிறகு 12 மாதம் இருக்கிறது. பதிவு முடியவில்லை என்றால் பழைய ரேக்கையே கண்காட்சிக்குக் கொண்டுபோங்கள்.