மனக்காய நெருக்கீடு: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

பேரதிர்ச்சிக்கு உள்ளானோரிடம் நீடிக்கும் உளப் பாதிப்பை ஆங்கிலத்தில் PTSD என்பர். அதைக் கண்டறிய இயற்கைப் பேரிடருக்குப் பின் குழந்தைகளிடம் பயன்படுத்தும் வினாநிரலுக்குப் (கேள்வித்தாளுக்குப்) 'பின்னதிர்ச்சி மன அழுத்தக் கோளாறு மதிப்பீடு' என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலநடுக்கம் பற்றிய கட்டுரையில் 'பின்னதிர்ச்சி' என்றால், முதன்மை நடுக்கத்தைத் தொடரும் சிறு நடுக்கங்களையே வாசகர் எண்ணுவார். குழந்தையின் அச்சத்தைப் புதுப்பிப்பவையும் அவையே என்பதால், இரு பொருளும் ஒரே பத்தியில் மோதும். 'மன அழுத்தம்' மனச்சோர்வுக்கும் வழங்குகிறது. அதைவிட, stress என்பதற்கு ஈழத்து எழுத்துகளில் வேரூன்றிய 'நெருக்கீடு' தெளிவானது. உள்ளத்தைத் தாக்கும் பேரதிர்ச்சிக்கு (trauma) அங்கே புழங்கும் 'மனவடு' அழகிய சொல்தான். ஆயினும் வடு என்பது ஆறிய புண்ணின் தடம், நாம் அறிய முனைவதோ இன்னும் ஆறாததை. பெரும்பாலான குழந்தைகள் காலப்போக்கில் மீள்வதையும் கருதி 'மனக்காய நெருக்கீடு' என்பதை முன்மொழிகிறேன்.

'கோளாறு' என்பதை வினாநிரலின் பெயரில் சேர்க்கவே கூடாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட உளக் கோளாறுகளுக்கான நோயறிதல் கையேட்டின்படி (DSM-5), அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, கடும் துயரத்தைத் தந்தாலோ அன்றாட வாழ்வைக் குலைத்தாலோதான் அது கோளாறு. வினாநிரலின் மதிப்பெண் மேலும் ஆராயப்பட வேண்டிய குழந்தையைக் காட்டுமே தவிர, நோயை உறுதிசெய்யாது. ஆகவே முன்னதை 'இனங்காணல்' என்றும், மருத்துவர் நேர்காணலால் செய்வதை 'நோயறிதல்' என்றும் பிரித்து வழங்கலாம்.

6 வயதினருக்கும் அதற்குக் குறைந்தோருக்கும் அக்கையேடு தனி அளவுகோல்களையே வகுத்துள்ளது. அச்சிறுவர்கள் நடந்ததை விளையாட்டில் திரும்பத் திரும்ப நிகழ்த்துவார்கள். அப்போது முகத்தில் துயரம் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், பார்ப்பவர் அதை வெறும் விளையாட்டென்று கடந்துவிடக்கூடும். வளர்ந்த குழந்தைகளின் உள்ளக் கலக்கத்தைப் பெற்றோர் குறைத்துச் சொல்வதும் உண்டு; அதனால் குழந்தையிடமும் நேரில் கேட்பது இன்றியமையாதது.

எஞ்சியிருப்பது ஒரு சொல்: பேரிடரைக் குழந்தை எவ்வளவு நேரடியாக எதிர்கொண்டது என்பதைக் குறிக்கும் exposure. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்குப் பின் நடந்த ஆய்வில், நடுக்க மையத்துக்கு அருகிலிருந்த ஸ்பிதாக் நகரின் குழந்தைகளிடம் அறிகுறிகள் மிகக் கடுமையாகவும், தொலைவிலிருந்த தலைநகர் யெரெவானில் குறைவாகவும் காணப்பட்டன. எனவே குழந்தை எதைக் கண்டது, யாரை இழந்தது, எங்கே சிக்கியது என்பவற்றையும் வினாநிரல் கேட்டாக வேண்டும். அப்பகுதிக்கு 'வெளிப்பாடு' என்று தலைப்பிட்டால், குழந்தை வெளிப்படுத்துவது எனப் பொருள் திரிந்துவிடும், 'இடர்நேர்வு' எனலாமா? இதைவிடப் பொருந்தும் சொல்லை எவரேனும் தந்தால் இதைக் கைவிட எனக்குத் தயக்கமில்லை.