ரெண்டு லட்சம் தாண்டின வண்டி: செலவு பண்ணி ஓட்டலாமா, தள்ளிவிடலாமா?

பட்டறையில் பெரிய தொகை சொல்லிவிட்டார்கள், வண்டியோ இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. இந்த நிலையில் எதைப் பார்த்து முடிவெடுப்பது? இப்படிப்பட்ட வண்டிகளைக் கையாண்டவர்கள் எழுதுங்கள்.

ஸ்பேனர் செட்

மீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடி இரண்டரை லட்சம் தாண்டிய எஞ்சின் திடமாக இருக்கும். தினமும் மூணு கிலோமீட்டர் ஓடி, சூடேறும் முன்பே அணைக்கப்பட்ட எண்பதாயிரம் கி.மீ. எஞ்சினில் ஆயில் சேறாகக் கிடக்கும். அதனால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது பிளக் துளையில் கேஜ் மாட்டி ஒவ்வொரு சிலிண்டரும் தரும் அழுத்தத்தை அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி, பிளக் எல்லாவற்றையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று கிராங்க் பண்ண வேண்டும். பேட்டரி டல்லாக இருந்தால் வரும் அளவு அத்தனையும் பொய்.

பெட்ரோல் எஞ்சினில் பெரும்பாலும் 10 முதல் 14 பார் வரும். டீசலுக்கு அழுத்தம் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதற்குக் கேஜே வேறு. ஆனால் அந்த எண்ணைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே கோளாறு இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போர் (உள்சுவர்) தேய்மானம். ஏறவில்லையா, வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவே கேஸ்கட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கேஸ்கட் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், ஆனால் லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். ஓவர்ஹீட் ஆன அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். புது கேஸ்கட் போட்டாலும் சீக்கிரமே மறுபடி கூலன்ட் குறையும். ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் ரக ஹெட் போல்ட் என்றால் புதுசுதான் போட வேண்டும். ரிங் என்றால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்கணும். விற்கும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

கிரீஸ் கை

ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி. அதற்கும் முன்னால் புகையைப் பாருங்கள். நீலப் புகை கண்டதும் "எஞ்சின் போச்சு" என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுகிற ஆட்கள் நிறைய. ராத்திரி நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு வந்து மறைந்தால் வால்வு சீல். பல எஞ்சின்களில் ஹெட்டை இறக்காமலே, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வு உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு சீலை மாற்றிவிடலாம். மேடு ஏறும்போது விடாமல் வந்தால் ரிங் அல்லது டர்போ.

ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தும் விடுங்கள். 1,000 கி.மீ.க்கு 1 லிட்டரை நெருங்கினால் கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் ரிங் மேல் பழி போடுமுன் பிசிவி வால்வைக் (எஞ்சின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு) கழற்றிப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் கசியும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவி நேரே இன்டேக்குக்குப் போய் எரியும். கையகல பார்ட்டுக்காக எஞ்சினை இறக்கிய கூத்தெல்லாம் நடக்கிறது.

டீசல் புகை

டீசல் வண்டிக்காரர்களுக்கு: "நாலு இன்ஜெக்டரையும் மாத்தணும்" என்று சொன்னால் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள், அதாவது எஞ்சினுக்குள் போகாமல் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலை அளக்கும் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் தனிக் குழாய் மாட்டி, ஒரே அளவு பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டாலே தெரிந்துவிடும். மற்றதைவிட இரண்டு மடங்கு நிரம்புகிறதே, முதல் சந்தேகம் அதன் மேல்தான். அதை மட்டும் மாற்றி, புது இன்ஜெக்டர் மேல் பொறித்த கோட் எண்ணை ஈசியூவில் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) பதிந்தால் பல நேரம் கதை முடிந்தது. பதியாமல் விட்டால் ஐட்லிங் துடிக்கும், புகையும்.

டர்போ போனால் அதற்கு ஆயில் வரும் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய குழாயில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் ஆயில் கிடைக்காமல் சாகும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? டிபிஎஃப் (சைலன்சர் பாதையில் டீசல் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சூடேறி கரியை எரித்து முடிப்பதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள், எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது. உங்கள் ஓட்டமே குட்டிக் குட்டித் தூரம் என்றால் ஃபில்டரைக் கழுவினாலும் திரும்ப அடைக்கும். அந்த வண்டியை விற்றுவிட்டு பெட்ரோலுக்கு மாறுவதுதான் என் கட்சி.

அடிப்பக்கம் பார்த்தவன்

எல்லோரும் எஞ்சினையே பேசுகிறீர்கள், சார். வண்டியை லிஃப்டில் ஏற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டை, ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேலே மாட்டும் இடம், சப்ஃப்ரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்) போல்ட் இறங்கும் இடம் இந்த மூன்றில் எதிலாவது முனை உள்ளே இறங்கினால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பணம் போடாதீர்கள். ஃபெண்டர், கதவு துருப்பிடித்தால் கழற்றி மாட்டலாம். சுமை தாங்குகிற இடம் அப்படியல்ல. பெயின்ட் அடித்த புது அண்டர்கோட்டிங் இருந்தால் இன்னும் அழுத்திக் குத்துங்கள்.

புஷ், பால் ஜாயின்ட், ஷாக், எஞ்சின் மவுண்ட், பிரேக் இதெல்லாம் தேயும் பொருள். அதற்காக வண்டியை விற்கிறேன் என்பது சரியான காரணமில்லை.

பைசா கணக்கு

கணக்கில் பெரும்பாலோர் தவறுவது, ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடுவதில். இரண்டு தனிக் கேள்வி இருக்கிறது.

விற்பதற்காகச் சரிசெய்வதா? இருக்கிறபடி 100 போகும், சரிசெய்தால் 130 போகும், செலவு 60 என்றால் 30 நட்டம். பெரிய வேலை எதுவும் விற்கும்போது முழுசாகத் திரும்பாது. பல்பு, வைப்பர், பேட்டரி மாதிரிச் சில்லறை வேலை மட்டும் திரும்பும்.

வைத்து ஓட்டவா? அடுத்த 24 மாதத்துக்கு வரப்போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: டயர், டைமிங் பெல்ட், கிளட்ச், இன்சூரன்ஸ். மாதத்துக்கு வகுத்துவிட்டு, மாற்று வண்டியின் தவணை, கூடுதல் இன்சூரன்ஸ், விலைச் சரிவு மூன்றையும் கூட்டி எதிரே வையுங்கள். போன வருஷம் போட்ட செலவை இதில் சேர்க்காதீர்கள், அது போனது போனதுதான்.

டைமிங் பெல்ட் மாற்றினதற்குச் சான்று இல்லையென்றால் மாற்றவேயில்லை என்றே எழுதுங்கள். டென்ஷனர், ஐட்லர், அந்த பெல்ட்டிலேயே ஓடும் வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவை, லேபர் ஒன்றுதான். கிளட்சும் அதே மாதிரி. கியர்பாக்ஸ் இறங்கியதும் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் நாலையும் முடித்துவிடுங்கள்.

கிரீஸ் கை

@பைசா கணக்கு, விற்பது என்று முடிவானால் இன்னொன்று. செக் எஞ்சின் லைட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டுக் காட்டாதீர்கள். வாங்க வருபவர் சொந்த ஸ்கேனர் மாட்டினால் ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று சொல்லும் பட்டியல்) எல்லாம் "முடியவில்லை" என்று காட்டும், நேற்று அழித்தது அப்படியே தெரியும். ஸ்கேனரில் பி0420 (கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது புகையைச் சுத்திகரிக்கும் பாகம், சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட்) வந்தால் அதன் விலை கேட்டு மிரளுமுன் சைலன்சர் ஜாயின்டில் கசிவு இருக்கிறதா, பின்பக்க ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். கன்வெர்ட்டரேதான் என்றால் அந்தக் கோட் எண்ணை அழிக்காமல் அப்படியே விட்டு, வாங்குபவரிடம் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள்.